கட்டில் விளிம்பில் சாப்பிட்ட நாட்கள்

கதவைத் திறந்தால் ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு வழி. பக்கத்தில் குளியலறை. அதைத் தாண்டினால் கட்டில். கட்டிலோடு அறை முடிந்துவிட்டது. நான் கட்டிலில் ஏறி இருந்தால்தான் உங்கள் அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வரலாம். அம்மா வந்து நாலு பக்கமும் பார்த்தார். பார்த்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

இது நீங்கள் பிறக்க முன்னம், எண்பதுகளின் கடைசியில், யப்பானில் ஒசாகா நகரத்தில். கம்பனி வேலையாக வருகிறவர்கள் படுத்தெழும்பிப் போகிற சின்ன ஹோட்டல் அது.

ஏன் போனீர்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "வேலை" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மாவுடைய வேலை. லண்டனில் வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து ஒரு பஸ் எடுத்தால், ரேடியோவுக்குள் இருக்கும் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிற ஒரு தொழிற்சாலை வரும். அம்மாவின் கை நடுங்காது. யப்பானில் இருந்த தலைமைத் தொழிற்சாலைக்குப் புது மெஷின் பழக ஆட்களைத் தெரிவு செய்தபோது அம்மாவையும் சேர்த்தார்கள். பெண்பிள்ளையைத் தனிய அனுப்ப ஏலாது என்று என் அண்ணை சொல்லிவிட்டார். ஆகவே பெற்றோல் ஸ்டேஷனில் லீவு போட்டுவிட்டு அம்மாவுக்குத் துணையாக நான் போனேன். "பழகப் போறது அவ. நீ என்ன, பெட்டி தூக்கவோ?" என்று வீட்டில் வாடகைக்கு இருந்த பெடியள் பகிடி பண்ணினார்கள். கூடப் போன மற்றப் பெண்கள் கம்பனி விடுதியில் தங்கினார்கள். அங்கே ஆம்பிளைக்கு இடமில்லை. அதனால்தான் எங்களுக்கு இந்த ஹோட்டல்.

லண்டனில் நாங்கள் இருந்தது அண்ணையின் வீட்டில். அண்ணை, அண்ணி, அந்தப் பெடியள், நாங்கள். முன் ஹோலில் திரை போட்டுப் பிரித்த பாதிதான் எங்கள் அறை. திரைக்கு மற்றப் பக்கம் ரீவி ஓடும். நானும் அம்மாவும் கதைப்பதென்றால் குசுகுசுவென்றுதான். சாப்பாடும் அப்படித்தான், தனித்தனி. ஆம்பிளைகள் மேசையில் இருப்போம். அண்ணியும் அம்மாவும் பரிமாறுவார்கள். நாங்கள் எழும்பிக் கை கழுவிய பிறகு அவர்கள் குசினிக்குள் சாப்பிடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. ஊரில் எப்படியோ இங்கேயும் அப்படி.

யப்பானுக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னம், மாடிப்படியில் உடுப்புக் கூடையோடு நின்ற அம்மா என்னை மறித்தார். "இஞ்சேருங்கோ, ஒரு அறை எடுத்துத் தனியப் போவமே?" என்று கேட்டார்.

"பொறும், பாப்பம்" என்றேன்.

என்னை லண்டனுக்கு எடுத்ததே அண்ணைதான். தனியப் போவதென்றால் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போகவேண்டும். அண்ணன் வீட்டை விட்டு வாடகை அறைக்குப் போனால், தமையன் கலைத்துவிட்டான் என்று கோயிலில் நின்று சனம் கதைக்கும். சொந்த வீடோ கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லை. அம்மா திரும்பக் கேட்கவில்லை. ஆனால் யப்பானில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருக்கப்போகிறோம், அங்கே கேட்டால் என்ன சொல்வது என்று விமானம் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் அந்த அறையிலும் குசுகுசுவென்றுதான் கதைத்தோம். "ஏன் நாங்கள் ரகசியம் கதைக்கிறம்?" என்று அம்மா கேட்டார், அதையும் ரகசியமாக. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் சிரிப்பு அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். அம்மா தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலையில் கம்பனி பஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும். பிறகு நான்தான் அறைக்குக் காவல். துப்புரவு செய்கிற பெண் ஒருவர் வருவார். அவரும் நானும் தூசி உறிஞ்சும் மெஷினும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் நிற்க ஏலாது. அதனால் அவர் வந்ததும் நான் வெளிக்கிட்டுவிடுவேன். தெருமுனையில் ஒரு சின்னக் கடை இருந்தது. கறுப்புக் கடல்பாசி சுற்றிய முக்கோணச் சோற்று உருண்டைகள் விற்றார்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று உறையில் எழுதியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவேன். பின்னேரம் பஸ் வரும் நேரத்துக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, லண்டனிலிருந்து கொண்டுபோன தேயிலைப் பையைப் போட்டு, உருண்டைகளைக் கட்டிலோடு ஒட்டியிருந்த சின்ன மேசையில் பரப்பிவைத்துவிட்டு வாசல் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன்.

அங்கே ஒரேயொரு கதிரைதான், அதிலும் எங்கள் உடுப்புகள் குவிந்திருந்தன. ஆகவே இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். கலியாணம் கட்டி நாலு வருசம். அம்மா சாப்பிடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மா மெதுவாகச் சாப்பிடுவார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு கதை சொல்வார். யாராவது பிழைவிட்டால், மெஷின் பழக்குகிற மனுசன் தானே மன்னிப்புக் கேட்பாராம். மற்றப் பெண்கள் பழைய மெஷினைவிட இது சுகம் என்கிறார்களாம். லண்டனில் அம்மா வேலையால் வந்ததும் நேரே குசினிக்குள் போய்விடுவார். நான் சாப்பிட்டுவிட்டு இரவு வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவேன். அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எனக்கு யார் சொன்னது?

ஒருநாள் உருண்டையைப் பிய்த்த அம்மா மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இது மாசி எல்லோ!" என்றார். உண்மைதான். எங்கள் மாசிக் கருவாடு மாதிரியே ஒன்றைச் சீவி உள்ளே வைத்திருந்தார்கள். பச்சை மீன்தான் தருவாங்கள் என்று பயந்து அண்ணி ஒரு போத்தல் நிறைய மாசிச் சம்பல் இடித்துத் தந்துவிட்டிருந்தார். அதைத் திறந்து அம்மாவுக்கு ஒரு கரண்டி போட்டேன். அம்மா அதை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"ஏன், சம்பல் பிடிக்கேல்லையோ?"

"எனக்கு உறைப்பு ஏலாது" என்றார் அம்மா. "வீட்டிலை தயிரை விட்டுக் குழைச்சுத்தான் சாப்பிடுறனான்."

அண்ணைக்கும் எனக்கும் பெடியளுக்கும் கண்ணால் தண்ணி வருகிற மாதிரிக் குழம்பு வைத்தது அம்மாவின் கைதான்.

திரும்பி வருவதற்கு இரண்டு நாள் முன்னம் பெருமழை. பஸ் வரவில்லை. தேத்தண்ணி ஆறியது. ஊற்றிவிட்டுத் திரும்பவும் கொதிக்கவைத்தேன். எனக்குப் பசித்தது. உருண்டைகள் முன்னால் இருந்தன. கை போகவில்லை. கடைசியில் கதவு திறந்தது. நனைந்த குடையோடு வந்த அம்மா மேசையைப் பார்த்தார்.

"சாப்பிட்டிருக்கலாமே."

"நீர் வராமல் என்னெண்டு சாப்பிடுறது?"

அம்மா அந்த ஒடுங்கின வழியிலேயே நின்றுவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எனக்காக இதுவரை ஒருத்தரும் சாப்பிடாமல் இருந்ததில்லை" என்றார். பிறகு குடையை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு பக்கம் விரல் சுவரில் பட்டது, மற்றப் பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடியில்.

"எனக்குச் சொந்த வீடு வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கும் இவ்வளவு இடம் காணும்."

"ஓம்" என்றேன்.

ஓம் என்று அங்கே சொல்லியாயிற்று. அதை அண்ணையிடம் எப்படிச் சொல்வது? திரும்பி வரும் விமானத்திலும் எனக்கு அதே யோசனைதான்.

வந்த அன்று அண்ணி எங்களுக்காக விசேஷமாகச் சமைத்திருந்தார். ஆம்பிளைகள் எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். நான் கதிரையில் இருக்கவில்லை. "நான் அவவோடை சாப்பிடுறன்" என்றேன். யப்பான்காரன் ஏதோ மருந்து போட்டு அனுப்பிவிட்டான் என்று பெடியள் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

அவர்கள் எழும்பிய பிறகு குசினிக்குள் போனேன். அண்ணியும் அங்கேதான் சாப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் நினைவில் இருக்கவில்லை. அவர் என்னைக் கண்டு தட்டோடு எழும்பிவிட்டார். "தம்பி, உமக்கு விசரோ?" என்றார். இருக்க இடமில்லாமல் நான் வெறும் அரிசி வாளியைக் கவிழ்த்துவிட்டு அதில் இருந்தேன். அம்மா தயிர்ச் சட்டியை எனக்குக் கிட்டத் தள்ளிவைத்தார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வாளிதான். நாலாம் நாள் அண்ணை தண்ணீர் குடிக்க வருகிற மாதிரிக் குசினி வாசலில் வந்து நின்றார். தண்ணீர் எடுக்கவில்லை.

"அறை பாத்திட்டியோ?" என்று கேட்டார்.

"கடைக்கு மேலை ஒண்டு இருக்கு, அண்ணை. சின்னன்."

"நான் கலைச்சனான் எண்டு சனம் சொல்லும்."

"நாங்கள் ஞாயிறு ஞாயிறு வருவம். சனம் பாக்கட்டும்."

அண்ணை வாளியைப் பார்த்தார். "வந்தாலும் நீ உதிலைதானே இருந்து சாப்பிடுவாய்" என்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். கோபமா, சம்மதமா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கடைக்கு மேலே இருந்த அறைக்கு நாங்கள் போனோம். அது ஒசாகா அறையைவிடக் கொஞ்சம் பெரிது. அம்மா கை விரித்துப் பார்த்தார், சுவர் எட்டவில்லை.

முதல் ஞாயிறு அண்ணை வீட்டுக்குப் போனபோது மேசை நீண்டிருந்தது. நடுவில் போடுகிற பலகை ஒன்று அந்த மேசைக்கு உண்டு. சோபாவுக்குப் பின்னால் கிடந்த அதை அண்ணை தூசி தட்டி எடுத்து மாட்டியிருந்தார். சாப்பாடு எல்லாம் மேசையிலேயே இருந்தது. அவரவர் போட்டுச் சாப்பிடுங்கோ என்றார். அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணி, அடுத்த தரிப்பில் பஸ்ஸால் இறங்கப்போகிற ஆள் மாதிரி, கதிரை நுனியில் இருந்தார்.

அண்ணை தன் தட்டைப் பார்க்கவில்லை. அண்ணி என்ன எடுக்கிறார், எதை விடுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நீர் கத்தரிக்காய் சாப்பிடுறேல்லையோ?"

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. "இல்லை" என்றார். "சின்னனிலையே பிடிக்காது."

அந்த வீட்டில் ஞாயிறு தவறாமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தது அண்ணிதான். அண்ணை குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துவைத்துவிட்டு, பருப்பை எடுத்து அண்ணிக்கு முன்னால் வைத்தார்.