கோர்ன்வால் கல்வீட்டு அக்னெஸ்

வீடு தேடி வந்தவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல அக்னெஸுக்கு வராது. கடும் கத்தோலிக்கப் பெண்தான். ஆனாலும் வேறு சபைக்காரர் வந்து கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவர்கள் நீட்டுகிற புத்தகத்தையும் வாங்கி வைப்பாள். மன்னாரில் இதை நல்ல பழக்கம் என்பார்கள். கடல்கடந்து வந்து குடியேறிய, பிரெஞ்சு பேசுகிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் அதுவே அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வாலிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த கல்தச்சர்கள், தாங்கள் குடியிருக்கக் கட்டிய மூன்று கல்வீடுகளில் நடுவீடு அவளுடையது. முழங்கை நீளத் தடிப்பில் சுவர். ஆள் மட்டும் நுழையக்கூடிய ஒடுங்கிய வாசல், முன்னால் உயரமான கருங்கல் படிகள். வேறு வழி கிடையாது. பக்கத்துக் கல்லூரிச் சமையலறையில் புருஷன் கிறகரிக்கு வேலை என்பதால், எவரும் விரும்பாத அந்த வீட்டை வாங்கினார்கள். தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் “கிறகரி அண்ணை கோட்டை வாங்கியிருக்கிறார்” என்று சிரித்தது.

2003 கோடையில் கல்வீடுகளைக் காக்கிற சங்கத்தின் தலைவி வந்தாள். அந்தக் கல்தச்சர்களில் ஒருவரின் வழிவந்தவள். சுவரைத் தொட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வீடுகளையும் மரபுச்சின்னமாக்கப் பாடுபடுவதாகவும், சொந்தக்காரர் சம்மதித்தால் காரியம் சுகமாக முடியும் என்றும் சொன்னாள். கிறகரி வேலையில் நின்றார். அக்னெஸ் என்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து அழுகிறவளை வெறுங்கையோடு அனுப்புவதா? தின்ன றோல்ஸும் கொடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வீடு மரபுச்சின்னமாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்துக் கிறகரிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. சக்கர நாற்காலியை மடக்கித்தான் வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. மகன் நிஷான் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனை முதுகில் சுமந்துபோய்க் காருக்குள் இருத்துவான். பிறகு அவனுக்குத் தூரத்துக் கல்கரியில் வேலை கிடைத்தது. போகாதே என்று சொல்லவும் இந்த மனுசிக்கு வாய் வரவில்லை. அன்றோடு கிறகரியின் பூசையும் நின்றது, வெளிக்காற்றும் நின்றது.

வாசலை ஒரு சாண் அகட்டி, படிகளுக்கு மேலே சாய்வுப் பலகை போட அனுமதி கேட்டாள். நகரசபையின் மரபுக்குழு கூடிக் கதைத்தது. படிகள் ஆதிப்படிகளாம், மூடக்கூடாதாம். நிலைக்கல்லில் கல்தச்சன் கொத்திய அடையாளம் இருக்கிறதாம், அசைக்கக்கூடாதாம். சரி, வீட்டை விற்போம் என்று பார்த்தார்கள். வந்தவர்கள் சுவரைத் தடவி மெச்சிவிட்டுப் போனார்கள். ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கவேண்டிய வீட்டை எந்த விசரன் வாங்குவான்?

“இஞ்சேர், கல்லுக்குள்ள வைக்கிறதெண்டால் செத்தாப் பிறகு வைக்கிறதுதானே?” என்று கிறகரி ஒருநாள் கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். அக்னெஸ் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சங்கத்துக்காரியைவிடத் தன்மேல்தான் ஆத்திரம்.

2007 செப்டெம்பரில் தலைவி மறுபடியும் வந்தாள். ஒரே ஒரு பின்னேரம், சனம் வந்து வீட்டைப் பார்க்க வேண்டுமாம். அக்னெஸ் பழக்கதோஷத்தில் தலையாட்டினாள். பற்றீஸும் பொரித்தாள்.

நல்ல வெயில். வந்தவர்கள் படியில் வரிசையாக நின்று ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். கிறகரி இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தக் காலத்துக் கல் கணப்படுப்புக்கு முன்னால் இருந்து எல்லோருக்கும் “பொன்ஜூர்” சொன்னார். இத்தனை முகங்களைக் கண்டு எவ்வளவு காலம்! அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்து அக்னெஸுக்கும் மனம் குளிர்ந்தது.

அப்போது தலைவி அவளுடைய காதுக்குள் மெல்லக் கேட்டாள். “உங்கள் கணவரை மற்ற அறைக்குள் தள்ளிவிடலாமா? கணப்படுப்பு மறைகிறது. படமெடுக்கிறவர்கள் கஷ்டப்படுகிறார்கள்.”

கிறகரிக்கும் அது கேட்டுவிட்டது. “பரவாயில்லையப்பா, நான் போறன்,” என்று சொல்லி, வழங்குகிற மற்றப் பக்கத்துக் கையால் நாற்காலிச் சில்லை உருட்டத் தொடங்கினார்.

“நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம்!”

அக்னெஸின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பற்றீஸ் தட்டை மேசையில் வைத்தாள். தலைவியின் பக்கம் திரும்பி “நோ” என்றாள். அங்கே நின்ற பிரெஞ்சுக்காரருக்கும் விளங்கட்டுமென்று “நோன்” என்றாள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். கடித்த பற்றீஸைக் கையில் பிடித்தபடியே சனம் படியிறங்கியது. கடைசி ஆளும் போனதும் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். நெஞ்சில் இவ்வளவு காலமும் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

“எல்லாரையும் கலைச்சுப்போட்டன்,” என்று வந்து நின்றாள்.

“நல்ல வேலை செய்தாய்,” என்றார் கிறகரி. நாற்காலியை யன்னல் பக்கம் உருட்டிக்கொண்டு போனார். வெளியே ஆட்கள் வெயிலில் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“அக்னெஸ், அதுக்குள்ள நல்ல உடம்புக்காரப் பெடியள் கொஞ்சப்பேர் நிண்டவங்கள். என்னைத் தூக்கி ஒருக்கா வெளியில வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.”