வெயில் தின்ற பிளாஸ்டிக்

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க ரப்பர் மரங்கள். பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு மழையிலும் நடக்கவேண்டும் என்று, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றித் தார் பூசிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார்கள். மரம் நீலப் பாவாடை கட்டியதுபோல் இருக்கும். மழை ஓய்ந்ததும் அவற்றைக் கிழித்தெடுப்பது எங்களுக்குப் பால் வெட்டிய அக்காவின் வேலை. அவள் தருவதைக் கட்டி விறகுப்புரையில் வைப்பது என் வேலை. அம்மா என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது.

விறகுப்புரையில் தேள் உண்டு. கட்டுகளைச் சரிவின் உச்சியிலிருந்த பாறையில் குவித்துவிட்டு, வைத்தாயிற்று என்றேன்.

தை மாதம் ரப்பர் இலை கொட்டி மரங்கள் மொட்டையாகிவிடும். நிழலே இருக்காது. பங்குனியில் நினைவு வந்து போய்ப் பார்த்தபோது, தொட்ட தாள் பப்படமாய் நொறுங்கியது. பாதியை வெயில் தின்றிருக்கிறது, மீதியையும் தின்னட்டும் என்று விளக்குமாற்றால் எல்லாவற்றையும் சரிவில் தள்ளிவிட்டேன். வேலை முடிந்த நிம்மதிகூட இருந்தது.

அடுத்த வாரம் கோடை மழை கொட்டியது. சரிவின் அடியில் சித்தியின் கிணறு. சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தது. கிணறில்லாத அந்த அக்காவும் அதில்தான் தண்ணீர் எடுத்தாள். மறுநாள் வாளி நிறைய நீலச் செதில்கள்.

"வாளியில வெள்ளத்தைக் கண்டியாடி? குப்பை போட உனக்கு எங்கிணறுதான் கிட்டிச்சா?" என்றாள் சித்தி அக்காவிடம்.

"அய்யோ, எல்லாம் பிள்ளைகிட்ட குடுத்தேனே!" என்றாள் அக்கா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தந்தாளா மக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

வாய்விட்டுச் சொன்னேனா, தலையை மட்டும் அசைத்தேனா என்று பலநாள் யோசித்திருக்கிறேன், ஏதோ அதில் குற்றம் குறைந்துவிடும் என்பதுபோல.

அக்கா என்னையே சற்று நேரம் பார்த்தாள். எங்கள் மரங்களில் பால் வெட்டிய கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"ஓ... பிள்ளைகிட்ட குடுத்தது போன வருசமாக்கும். இந்தத் தடவை எங்க போட்டேனோ, ஓர்மையில்ல."

"ஓர்மையில்லாதவ இனி இங்க வாளி இறக்க வேண்டாம்," என்றாள் சித்தி.

அந்தக் கோடை முழுக்க அவள் இரண்டு குடங்களோடு சாலையோரக் குழாய்க்கு நடந்தாள். வழியில் என்னைக் கண்டால், "சோறு தின்னியா மக்கா?" என்று கேட்பாள். நான் ஓடிவிடுவேன்.

இப்போது என் மகளுக்குத் தண்ணீரை இரண்டு முறை வடிகட்டுகிறேன். பிறகும் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். வெயில் அன்று எதையும் தின்றிருக்கவில்லை. கண்ணுக்கும் துணிக்கும் சிக்காதபடி பொடித்திருக்கிறது, அவ்வளவுதான். இது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

அதைவிடப் பிந்தித் தெரிந்தது இன்னொன்று. அக்காவுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அன்று குடும்ப ஜெபத்தில் கண்ணை இறுக மூடி, அவளுக்கு மறதியைக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.