பெயரை நம்பாத டீஜே

செயின்ட்-மிஷேல் மண்டபத்தில் என் மகளின் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டவர் கம்பளித் தொப்பிக்கு மேல் ஹெட்போன் மாட்டியிருந்தார். மகள் வாசலில் காத்துநிற்க, நான் கொடுத்த வரவேற்புப் பாட்டு ஒலிக்கவில்லை.

"எம்பித்ரீதான் தம்பி. நானே பேர் வைச்சனான்."

"பேரை ஆரும் வைக்கலாம் அண்ணை." கோப்பைத் திறந்து, எந்த வகை என்று காட்டும் உள்ளே உள்ள தொடக்க எழுத்துகளைத் திரையில் பார்த்தார். "இது பீடிஎஃப். சாப்பாட்டு மெனு. ஆட்டுக்கறியை எப்பிடிப் பாட வைக்கிறது?"

நான் 'மெனு' என்று பெயரிட்டிருந்ததையும் திறந்தார். "ஓ, ஜீ, ஜீ, எஸ் எண்டு தொடங்குது. ஒலிக் கோப்பு. இதுதான் பாட்டு."

பாட்டு ஒலிக்க, மகள் சிரித்தபடி உள்ளே நடந்தாள்.

நன்றி சொல்லப் போனேன். "நான்தான் பொம்பிளையின்ரை அப்பா."

"ஓம்," என்றவர் என் நெற்றியை உற்றுப் பார்த்தார். அங்கே என்ன தொடக்க எழுத்துகளை வாசித்தாரோ, இன்னும் தெரியவில்லை.