கேடயத் தகட்டின் உட்புறம்

சிவப்பிரகாசத்துக்கு எதிலும் குறை இருக்கக் கூடாது. திருவாலங்காட்டுப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். இரும்பில் நூலளவு பிசிறு தட்டுப்பட்டாலும் கை தானாக அரத்தைத் தேடும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாக ஆடியது. "எழுந்திரிங்க சம்பந்தி, ரெண்டு நிமிசம்" என்று அவரை நிற்கவைத்துவிட்டுத் திருகாணியை முடுக்கினார். அப்போது சம்பந்தம் பேசவே ஆரம்பிக்கவில்லை.

அவர் என் தந்தை. தம்பியும் நானும் நைனா என்போம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் திருத்தணியில், மலையடிவாரத்துக்கு இரண்டு தெரு தள்ளி உள்ள வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். திருத்தணியிலிருந்து போன் வந்தால் இப்போதும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

தம்பி இளங்கோவன் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், வடகிழக்கில் அடைமழையில், அவன் போன வண்டி மண்சரிவோடு பள்ளத்தில் இறங்கியது. இருபத்தாறு வயது. கொடி போர்த்தித்தான் வந்தான். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி தயவாகச் சொன்னார். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "மூஞ்சி வேணாம் சார். கைய மட்டும் காட்டுங்க. ஒரு கை." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம் அவனுடைய கறுப்பு இரும்புப் பெட்டி வந்தது. சீருடைகள், சவர சாமான், என் மகள் கிறுக்கிய ஒரு படம். அடியில் ஓர் அட்டைப் பெட்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கி ஒன்றின் மாதிரி, பாகம் பாகமாகப் பிளாஸ்டிக்கில். இருபத்தைந்து பவுண்டர் என்று அதற்குப் பெயர். சுடும் குண்டின் எடையை வைத்து வந்த பெயர். நிஜப் பீரங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, மொத்தமே ஒரு சாணுக்குள். புதிதாகச் சேர்ந்தபோது முகாம் வாசலில் அப்படி ஒரு பழைய பீரங்கி நின்றதென்றும், அதைத் துடைப்பதுதான் அவனுடைய முதல் வேலை என்றும் எனக்கு எழுதியிருக்கிறான். சக்கரங்களையும் தாங்கு சட்டத்தையும், வீரர்களை மறைக்கும் கேடயத் தகட்டையும் ஒட்டிவைத்திருந்தான். குழலும் மற்ற சில்லறைப் பாகங்களும், வார்த்து வந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து இன்னும் வெட்டப்படாமல் எண்ணோடு தொங்கின.

வருஷத் திவசம் முடியும்வரை நைனா அதைத் தொடவில்லை. முடிந்த மறுநாள் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தார். நகவெட்டியால் ஒவ்வொரு பாகமாக நறுக்கி எடுத்தார். மீதிப் பாதியைத் தான் முடிப்பது, தம்பி முடித்த பாதியில் கை வைப்பதில்லை. இதுதான் அவர் போட்டுக்கொண்ட கணக்கு.

"பேரப்புள்ளைய வச்சி ஆட்ற வயசுல பொம்ம வச்சி ஆடிகினு கீறாரு உங்க நைனா" என்பாள் அம்மா போனில், அவர் காதில் விழும்படி.

"பொம்மையா இது? ஸ்கேல் மாடலுடி. சக்கரத்துல எத்தினி போல்ட்டு கீது, எண்ணிப் பாரு."

"எண்றேன். மொதல்ல சோறு தின்ன மேஜைய உடுங்க."

தம்பி போனபிறகு அவர்கள் இப்படிப் பேசிக்கொள்ள ஆரம்பித்ததே அப்போதுதான். பார்சல் பார்சலாக நான் சிறு தூரிகையும் இடுக்கியும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், நைனா வீடியோவில் கூப்பிட்டார். கேடயத் தகட்டின் உட்புறத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"தெரியுதா?"

"இன்னா நைனா? மங்கலா இருக்குது."

"வெளிச்சத்துல சாய்க்கிறேன், பாரு. ரேகை."

இந்தப் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். காயுமுன் பிடித்தால் பிடித்த விரல் பதிந்துவிடும். தம்பியின் கட்டைவிரல், சுழியோடு, வரி வரியாக அதில் பதிந்திருந்தது. இதைச் செய்பவர்களுக்கு அது ஒரு பிழை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். நைனாவும் தேய்க்கத்தான் உப்புத்தாளை எடுத்திருக்கிறார். "தாள வச்சிட்டம்மா மேல. ஒரு இழுப்பு இழுத்திருந்தா போயிருக்கும்."

"அம்மாவுக்குக் காட்டினியா?"

"சொல்லாத. தெரிஞ்சா பகலும் ராவும் தடவிகினே இருப்பா. தேஞ்சிபூடும். மொதல்ல முடிக்கிறேன். கண்ணாடிப் பெட்டி ஒண்ணு பண்ணி, உள்ள வச்சி, அப்பறம் காட்றேன்."

சரி என்றேன். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். போட்டேன் என்றார். அதோடு வைத்துவிட்டோம்.

பீரங்கி முழுக்க ராணுவப் பச்சை ஏறியது. கேடயத்தின் உட்புறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பழுப்புப் பிளாஸ்டிக் அப்படியே விடப்பட்டிருந்தது.

"இங்க மட்டும் இன்னாத்துக்கு சொட்டையா உட்டுகீறீங்க?"

"பெயிண்டு தீந்துபோச்சி."

அம்மா நம்பினாள்.

ஓர் ஆண்டு எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஆயுத பூஜைக்குத்தான் அம்மா மறுபடி வீட்டைக் கழுவினாள். நைனாவின் அரங்கள், ஸ்பேனர்கள், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். அவளுடைய பிள்ளையின் ஆயுதம் என்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பக்கத்துக் கண்ணாடி இன்னும் வாங்கியிருக்கவில்லை. பீரங்கியை எடுத்துவந்து தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்தாள். குழல் படத்தைப் பார்த்து நின்றது. பிள்ளையைக் குறிபார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று குழலை வாசல் பக்கமாகத் திருப்பினாள். இப்போது கேடயத்தின் உட்புறம் படத்தைப் பார்த்தது.

நைனா பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ராகுகாலம் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மா கற்பூரம் காட்டினாள். படத்துக்கும் பீரங்கிக்கும் நடுவே தட்டை இறக்கிவைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, மொபெட்டின் சக்கரத்தடியில் வைக்க வாசலுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். இரும்புக்குக் கற்பூரம் என்ன செய்யும்?

நாற்றம் வந்து உள்ளே ஓடினபோது கேடயம் மடிந்து தட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. பச்சையும் பழுப்பும் ஒன்றாக வழிந்திருந்தன.

நைனா பூசணிக்காயோடு வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீரங்கியைத் திருப்பி ஒரு தடவை உட்புறத்தைப் பார்த்தாராம். பிறகு, "உடு ஜெயம்மா. பிளாஸ்டிக்குதான. வேற வாங்கிக்கலாம்" என்றாராம். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்று அம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்று மாலை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எனக்குக் கூப்பிட்டார். பின்னால் சென்னை ரயிலுக்கான அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ அன்னிக்கி பாத்தியே. படம் எதுனா புடிச்சி வச்சியா?"

"இல்ல நைனா."

"ஆங். எனக்கும் தோணல. கையில கீதேன்னு இருந்துட்டேன்."

அறிவிப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"அவ கையத்தான் கேட்டா. அது என்கிட்ட இருந்துச்சி. தேஞ்சிபூடும்னு ஒளிச்சி வச்சிகினேன். சொல்லியிருந்தா அதும் கிட்ட நெருப்பக் காட்டியிருப்பாளா?"



இரண்டு வாரம் கழித்து அவர் தாலுகா ஆபீசுக்குப் போனார். ஆதார் பதிகிற கவுன்டரில் ஹேமாவதி என்றொரு பெண். அவரிடம் இளங்கோவனின் எண்ணைக் கொடுத்து, கட்டைவிரல் ரேகையை மட்டும் ஒரு தாளில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"அது மெஷினுக்குள்ள கீறது இல்லங்க. சர்வர்ல இருக்கும். நாங்களே பாக்க முடியாது. ஆள் வந்து விரல் வச்சா, சரியா தப்பான்னு மட்டும் சொல்லும்."

"ஆள் வந்தா..."

"ஆங். புள்ளைய கூட்டியாங்க, ஒரு நிமிச வேல."

"வெளியூர்ல கீறான்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நல்ல மாதிரியாத்தான் பேசிச்சி" என்றார் என்னிடம்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நான் ஒரு முறை ஆரம்பித்தேன். "வேணாம். பெட்டிய தொறக்கல, அது ஒண்ணு. இத அவ கையாலயே கொளுத்திட்டான்னு வேற தெரியணுமா?" என்றார். நான் விட்டுவிட்டேன்.

அம்மா என்னை நச்சரித்ததால் அதே பீரங்கியை வேறொன்று வாங்கி அனுப்பினேன். இந்த முறை முழுவதையும் நைனாவே செய்தார். நான்கு மாதம் ஆயிற்று. கண்ணாடிப் பெட்டியும் முடிந்தது. போன ஞாயிறு அம்மா போனை அதற்கு நேராகப் பிடித்து நான்கு பக்கமும் சுற்றிக் காட்டினாள். கேடயம் உள்ளும் புறமும் ஒரே பச்சை.

"பாத்தியா ஷோபனா, அச்சு அசல் பழசு மாதிரியே கீது. அதுல பாதில சொட்ட இருந்துச்சி. இதுல ஒரு கறையில்ல. நான் கெடுத்தது ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சி, இல்ல?"

அவள் தோளுக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார். "டீ ஆறுது, குடி" என்று அவளிடம் டம்ளரை நீட்டினார்.

"ஆங் மா" என்றேன். "அப்படியே இருக்குது."