வாளிக்குப் பூசுகிற நாகம்

கரம்பொன் அரியநாயகத்தின் ஏ-40 கார் அந்தச் சனிக்கிழமை காலை வழக்கமில்லாமல் "டக் டக்" என்றது. எழுபது வருடத்துக் கார். இரும்புக் கம்பி ஒன்றை எஞ்சினில் ஊன்றி, மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்டார். டெப்பட்தான். வால்வுகளைத் தூக்கிவிடுகிற, அடி தட்டையான இரும்புத் துண்டுகள். அவை தேய்ந்து போனால் மாற்றுச் சாமானுக்குத் தீவு முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. பிறகு கார் கோழிக்கூடுதான்.

"பிள்ளை, ஆர் ஒயில் மாத்தினது?"

மகள் சயந்தினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேலணையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். "நேற்று நீங்கள் செத்தவீட்டுக்குப் போன நேரம் நான்தான் ஆள் பிடிச்சு மாத்தினனான். நல்ல புது ஒயில். எத்தினை வருசத்துக்கு லொறி ஒயில் ஊத்துவியள்?"

"நீ பிறக்க முந்தியிருந்து ஊத்துறன். இனியும் ஊத்துவன்."

அது மெய். சண்டைக்காலத்தில் பெற்றோலைக் கண்ணாலும் காண ஏலாது. இடம்பெயர்ந்து கோண்டாவிலில் இருந்தபோது, பெற்றோல் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதற்காகத்தான் தடித்த லொறி ஒயில். சயந்தினி வயிற்றில் இருக்க, வலி கண்ட மனைவி சின்னாச்சியைப் பின்சீற்றில் கிடத்தி, புகை கக்கக் கக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "உங்கட பிள்ளை மண்ணெண்ணெய் மணத்தோடதான் வரப்போகுது" என்று அந்த வலியிலும் அவள் சிரித்தாள். அவள் போய்ப் பதினொரு வருடம். பின்சீற்றின் உறையை அவர் இன்னும் மாற்றவில்லை.

"இப்ப ஆர் மண்ணெண்ணெயில ஓடுறது? எல்லாம் உங்கட பிடிவாதம்." தகப்பனை மடக்கவென்று சயந்தினி போனில் தேடினாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது.

"என்னவாம்?"

"இப்பிடிப் பழைய எஞ்சினில டெப்பட் தேயாமல் இருக்க ஒயிலில நாகம் வேணுமாம். புது ஒயிலுகளில அதைக் குறைச்சுப்போட்டாங்களாம். லொறி ஒயிலில அது கூடுதலா இருக்காம்."

அரியநாயகம் அறிந்த நாகம், நயினாதீவு அம்மனுக்குக் குடை பிடிக்கிற நாகம் ஒன்றுதான். கடல் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"ஐயோ அப்பா, அது பாம்பில்லை! உலோகம். வாளிக்குப் பூசுற நாகம்!"

"ஓம், ஓம். அப்ப அந்த வாளியையே எடுத்துக்கொண்டு வா."

வாளியில் புது ஒயில் வடிந்தது. லொறி ஒயில் இறங்கியது. ஸ்ராட் பண்ணினார். டக் டக் என்றது, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது.

"மண்கும்பான் வரைக்கும் ஒருக்கா ஓடிப் பாப்பம், ஏறு."

முன்சீற் காலியாகத்தான் இருந்தது. சயந்தினி பின்சீற்றில் ஏறினாள்.