வெள்ளிக்கிழமை மட்டும் கேட்ட குளிசை

அன்று கிளினிக் அறையில் இருந்தது நாலே பேர்: இளம் பெண் டொக்டர், என் கணவர், அவருடைய அக்காவான என் மச்சாள், நான்.

கணவருக்குப் பார்க்கின்சன் வருத்தம். தோட்டத்தில் கிண்டியெடுத்த வெங்காயம் வீட்டுக்குள் கிடந்தது. அதை விற்றுத்தான் உரம் வாங்கிய பசளைக் கடைக் கடனைக் கட்டவேண்டும். சுன்னாகம் சந்தையில் விலை பேச அவர்தான் போகவேண்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். காசைக் கையில் வாங்கினாலே ஏமாந்துவிட்டேனோ என்று நெஞ்சு அடிக்கும். ஆனால் குளிசை போட்டும் காலையில் அவருக்குக் கால் எடுபடாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆள் நிமிர்ந்து நடப்பார்.

"அது பிள்ளையாற்றை வேலை," என்று மச்சாள் டொக்டருக்கே விளக்கம் சொன்னார்.

"வெள்ளியிலை காலமை என்ன சாப்பிடுவார்?" டொக்டர் கேட்டார்.

"விரதம். மத்தியானம் வரைக்கும் வெறுந்தேத்தண்ணிதான். குளிசையும் அதோடைதான்; பிள்ளையார் பாப்பாரெண்டு மச்சாள் விட்டிடுவா," என்றேன். "மற்ற நாளிலை புட்டும் மீன்குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டாப் பிறகுதான் குளிசை. வெறுவயித்திலை போட்டால் குடல் வெந்துபோமெண்டு மச்சாள் விடமாட்டா."

டொக்டர் நெற்றியில் கைவைத்தார். "அம்மா, இந்தக் குளிசையிலை ரெண்டு மருந்து இருக்கு. ஒண்டு மூளைக்குப் போகோணும். அங்கை ஒரு நொதி அதை டோபமினா மாத்தும். அதாலைதான் கை கால் சொல்லுக் கேக்கும். அதே நொதி உடம்பிலையும் இருக்கு. வழியிலையே மாத்திப்போட்டால் மருந்து மூளைக்குப் போய்ச் சேராது. மற்ற மருந்து அதைத்தான் வெளியிலை மறிக்குது."

எனக்குப் பதறியது. "மூளைக்குள்ளை இருக்கிறதையும் மறிச்சுப்போட்டால்?"

"அது மூளைக்குள்ளை போகாது. பயப்பிடாதேங்கோ. ஆனால் மீனிலை இருக்கிற புரதமும் மருந்தும் ஒரே வாசலாலைதான் உள்ளுக்குப் போகப் பாக்கும். அப்ப மருந்து வெளியிலை நிண்டிடும். குளிசையை முதல் போடுங்கோ. அரை மணித்தியாலம் விட்டுச் சாப்பிடட்டும். மீனை இரவிலை குடுங்கோ."

"இரவிலை மீன் செமிக்காது," என்றார் மச்சாள்.

எனக்குச் சுவரில் தலையை இடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த நாள் புதன்கிழமை. குளிசையைக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் காவலுக்கு நின்றேன். மச்சாள் புட்டுக் கோப்பையோடு இரண்டு தரம் வந்தார்.

"என்ரை தம்பியைப் பட்டினி போடுறியே?"

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள், உங்களைக் கும்பிட்டன்!"

உள்ளே கணவர் தானே சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"புதனும் நல்ல நாள்தான்," என்றார் மச்சாள்.

வெங்காயத்தோடு கணவரே சந்தைக்குப் போனார். கத்திப் பேசி, கேட்ட விலைக்கே விற்றுவிட்டு வந்தார். அந்தக் காசைக் கட்டியும், பசளைக் கடைக்கு இன்னும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்கக் கிடக்கிறது.