ஜெசிந்தா தட்டிய ஹாரன்

திண்டிவனம் பக்கத்துச் சுங்கச்சாவடியில் வேலை பார்க்கும் ஜெசிந்தாவுக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் லாரி ஹாரன் ஓயாது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைவாள்.

கணவன் அலெக்ஸ் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். திரையை விரலால் தடவினால் நிறம் பரவும், கூடவே இசை எழும்.

"இத்த தடவிக்கினு இரு, மனசு அடங்கும்."

அருவிச் சத்தமும் இளநீலமும் அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பின. மறுநாள் சாவடியில் ஹாரன்களைப் பதிவு செய்து வந்து அதே செயலிக்குள் சேர்த்தாள். விரல் பட்ட இடமெல்லாம் சிவப்பும் மஞ்சளும் வெடித்தன. அவள் தட்டிய தாளத்துக்கு லாரிகள் அலறின.

"இன்னாடி இது, ஒரே பேஜாரா கீது!"

"சும்மா இருங்க. இப்பதான் நான் சொன்னா அடிக்குது, நான் சொன்னா நிக்குது."

மனசு அடங்கவில்லை. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. அலெக்ஸ் எழுந்துபோய் உலை வைத்தான்.